டப்பாவை விட்டு வெளியே வந்த பெட்டகம்

ரெண்டு வாரமா ஆளைக் காணோமேன்னு யாரும் தேடியிருக்க மாட்டீங்க. இருந்தாலும் காரணத்தைச் சொல்லிடறேன்.

வீட்டுல ஒரு பழைய லேப்டாப்பில் வால்ட்வார்டன் ஓடுது. பிட்வார்டன் ஆப்போட பேசற, ரஸ்ட்டில் எழுதின சின்ன சர்வர். 2021 வரைக்கும் பிட்வார்டன்_ஆர்எஸ்னு பேரு. பேங்க், கரண்ட் பில், அப்பாவோட பென்ஷன்னு குடும்பத்துப் பாஸ்வேர்டு மொத்தமும் அதுக்குள்ளதான். நண்பர் ஒருத்தர் டாக்கர் கன்டெய்னரா போட்டுக் கொடுத்துட்டு வெளிநாடு கிளம்பிட்டார். ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. ஆனா எங்க வீட்டுச் சாவிக்கொத்து டிஸ்குல எந்த மூலையில கிடக்குன்னே எனக்குத் தெரியாது. ராத்திரி படுத்தா அதே நினைப்பு. சரி, டப்பாவை விட்டு வெளியே எடுத்து நேரடியா ஓட்டிடுவோம்னு இறங்கினேன்.

முதல்ல கம்பைல் பண்ணப் பார்த்தேன். ரெண்டு ஜிபி ராம் இருக்கிற மெஷின் அது. ரொம்ப நேரம் விசிறி கத்தினதும், மெமரி பத்தாம கெர்னலே அதைக் கொன்னுடுச்சு. அப்புறம்தான் தெரிஞ்சது, ஆல்பைன் இமேஜுக்குள்ள இருக்கிற பைனரி ஸ்டேடிக்கா கட்டினது, உருவி எடுத்து வெளியே ஓட்டலாம்னு. கூடவே வெப்-வால்ட் ஃபோல்டரையும் எடுக்கணும். கன்டெய்னர் வேண்டாம்னு கிளம்பினவன் கன்டெய்னரையே டவுன்லோட் பண்ணின கதை!

பழைய கன்டெய்னரை நிறுத்திட்டு, சிஸ்டம்டியில சர்வீஸ் எழுதி ஸ்டார்ட் பண்ணினேன். டேட்டா ஃபோல்டர் இல்லை, உருவாக்கிட்டு மறுபடி முயற்சி பண்ணுன்னு லாகில் சொல்லுச்சு. பெரியவங்க சொன்னா கேட்டுக்கணும் இல்லையா? உருவாக்கினேன். ஜம்முனு ஓடுச்சு. லாகின் பண்ணினா, பாஸ்வேர்டு தப்பாம். என் ஃபோன் ஆப்பும் வெளியே தள்ளிடுச்சு. அடுப்படியிலேர்ந்து மனைவி, "ஏங்க, பேங்க் பாஸ்வேர்டு வரலையே"ன்னாங்க. வயித்துல புளியைக் கரைச்சுது.

நடந்தது இதுதான். ஃபோல்டர் காலியா இருந்ததால புத்தம்புது எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் ஒண்ணும், புது ஆர்எஸ்ஏ சாவி ஒண்ணும் தானா உருவாகியிருக்கு. சாவி மாறினா பழைய லாகின் எதுவும் செல்லாது. நிஜ டேட்டா எங்கேன்னு டாக்கர் இன்ஸ்பெக்ட்ல மவுண்ட் வரியைப் பார்த்தேன். வேற டைரக்டரியில பத்திரமா தூங்கிட்டிருந்துச்சு. போன உயிர் திரும்பி வந்தது.

புது சர்வீஸை நிறுத்தி, அந்த ஃபோல்டரை முழுசா காப்பி பண்ணினேன். டிபி ஃபைலை மட்டும் எடுத்தா போதாது. கடைசியா எழுதினது பக்கத்துல இருக்கிற வால் ஃபைல்ல தங்கியிருக்கலாம். அப்பவும் ஓடலை. கன்டெய்னருக்குள்ள ரூட்டா ஓடினதால ஃபைல் எல்லாம் ரூட் பேர்ல இருந்தது. சௌன் அடிச்சேன். வெளியே இயல்பான போர்ட் 8000, அதனால என்ஜின்எக்ஸ்ல ஒரு வரி மாத்தினேன். ராத்திரி பதினொன்றரைக்குக் கதவு திறந்துச்சு.

இனிமே அப்டேட் வந்தா நானேதான் பைனரியை மாத்தணும். டாக்கர்ல ரெண்டு கமாண்ட் வேலை. மறுபடி உள்ளே போட்டுடலாமான்னு சபலம் வராம இல்லை.

ஓடி வந்து நல்ல சேதி சொன்னா, மனைவி கேஸ் புக்கின் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினாங்க. பேங்க் பாஸ்வேர்டு, பேனாவால, அடிக்கோடு போட்டு. "எதுக்கும் இருக்கட்டும்னு அன்னிக்கே எழுதி வச்சேன்."