தனியே நிமிர்த்த முடியுமா?

போர்ட்டிக்சன் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? ஞாயிற்றுக்கிழமைக் குளியல், பெரிய பாத்திரத்தில் பிரியாணி, "ஆழத்துக்குப் போகாதே!" என்று கரையிலிருந்து கத்தும் அத்தை. பாய் என்றால் மணலில் விரித்து உட்காரும் பாய்தான். நம்மவர்களில் பலருக்குக் கடல் முழங்கால் வரைதான். எனக்கும் பல்கலைக்கழக இரண்டாம் ஆண்டுவரை அப்படித்தான் இருந்தது. விடுதி அறைத்தோழி ஒருத்தி என்னைப் பாய்மரப் படகுப் பயிற்சிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் தமிழ் மாணவி, நான் பொறியியல். அன்று பிடித்த கிறுக்கு, பட்டம் வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகியும் எங்கள் இருவரையும் விடவில்லை.

நாங்கள் ஓட்டிப் பழகியது 'கட்டமரன்' வகைப் படகு. ஆம், நம் கட்டுமரம்தான் ஆங்கிலத்துக்குப் போய் அப்படி மாறியது. டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி 1697இல் வெளிவந்த தம் பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒன்றிரண்டு மரத் துண்டுகள்தாம். ஒரே ஓர் ஆளைத்தான் சுமக்கும். அவருடைய கால்கள் எப்போதும் நீரில்தான் இருக்கும் என்கிறார். ஆனால் நாம் பெருமையடித்துக்கொள்ளும் முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இன்றைய கட்டமரனின் வடிவம் நம்முடையதன்று. இடைவெளி விட்டு இரண்டு படகு உடல்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைப்பது பசிபிக் தீவு மக்களின் கலை. பெயர் நம்முடையது, உருவம் அவர்களுடையது. பேரவைப் பட்டிமன்றத்தில் இதை வைத்தே ஒரு மணி நேரம் ஓட்டிவிடலாம்!

சொந்தமாக ஒரு படகு வாங்க வேண்டும் என்பது எங்கள் இருவரின் நெடுநாள் திட்டம். பணம் ஓரளவு சேர்ந்த நேரத்தில் தோழிக்குச் சரவாக்கில் ஆசிரியர் பணி கிடைத்தது. ஆண்டுக்கு இரண்டு முறை, பள்ளி விடுமுறையில் வருவாள். மற்ற வாரங்களில் நான் தனி. ஆகவே தேவைப்பட்டது ஒரு விசித்திரமான படகு: தனியாளாக என்னால் ஓட்ட முடிய வேண்டும், அவள் வந்தால் இருவரையும் தாங்க வேண்டும்.

எந்தப் படகு வேகமானது, எந்தப் பாய் பெரியது என்று இரவெல்லாம் படித்துக்கொண்டிருந்த என்னை அம்மாதான் மடக்கினார். எனக்குத் தண்ணீரில் கண்டம் என்று யாரோ ஜோசியர் சொன்னதை இன்னும் நம்புகிறவர். "சரி, தனியா போற. கவுந்துட்டா அத யாரு தூக்குவா?" என்றார். படகைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர் கேட்ட கேள்வி அது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

கட்டமரன் அகலமானது. அதனால் எளிதில் சாயாது. ஆனால் சாய்ந்துவிட்டால் அதே அகலம் எதிரியாகிறது. ஓர் உடல் நீரில் அழுந்த, மற்றோர் உடல் தலைக்கு மேல் சுவர்போல் நிற்க, பாய் நனைந்து நீரில் படுத்துக்கிடக்கும். அப்படியே விட்டால் பாய்மரம் மெல்ல அமிழ்ந்து படகு முழுதாகத் தலைகீழாகும். அதற்குமுன் பாய்க் கயிறுகளைத் தளர்த்திவிட்டு, காற்று பாயின் அடியில் புகும்படி படகைத் திருப்பி, கீழ் உடலின்மேல் நின்று, மேல் உடலின் மீதாகப் போட்ட கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய வேண்டும். தூக்குவது கைவலிமை அன்று, உடல் எடை. என் எடையோ 54 கிலோ.

இந்தக் கணக்கைக் கையில் எடுத்தவுடன் பட்டியல் கடகடவென்று சுருங்கியது. கடற்கரைக் கட்டமரன்களில் உலகெங்கும் பெயர்பெற்றது ஹோபி 16. கலிபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகைகள் செய்துவந்த ஹோபி ஆல்டரின் படைப்பு. நாங்கள் பழகியதும் அதில்தான். நீருக்குள் இறக்கும் பலகைகள் இல்லாததால் நேராக மணலில் ஏற்றிவிடலாம். தோழிக்கு உயிர். ஆனால் எடை ஏறத்தாழ 145 கிலோ. போட்டிகளில் ஓட்டுவோர் இருவரின் எடை சேர்ந்து குறைந்தது 129 கிலோ இருக்க வேண்டும் என்பது அதன் விதி. நானும் அவளும் சேர்ந்தாலே 112தான்! அவளும் இல்லாத நாளில் நான் என்ன செய்வது? அதைவிடச் சிறிய ஹோபி 14 ஒருவருக்கானது. இருவர் ஏறினால் திணறும். 'ஏ' வகுப்புக் கட்டமரனைப் பார்த்தால் கண்ணைப் பறிக்கும். ஐந்தரை மீட்டர் நீளத்துக்கு வெறும் 75 கிலோ போதும் என்கிறது விதி. ஆனால் அதுவும் ஒற்றை ஆளுக்கு மட்டுமே; விலையை அம்மாவிடம் சொல்லவே இல்லை.

கடைசியில் என் கண் நின்றது ஐந்து மீட்டர் நீளமுள்ள 'ஃபார்முலா 16' வகையில். ஒருவரும் ஓட்டலாம், இருவரும் ஓட்டலாம் என்று விதியிலேயே இடமளித்த வகுப்பு இது. ஒருவர் என்றால் முன்பாயைக் கழற்றிவிட்டுப் போகலாம். படகின் குறைந்தபட்ச எடை ஒருவருக்கு 104 கிலோ, இருவருக்கு 107. புதியது நமக்கு எட்டாத உயரம். அதே சிந்தனையில் அதற்கும் முன்பே ஆஸ்திரேலியாவில் உருவான டைப்பன் 4.9 பழையது ஒன்று ஜொகூரில் விற்பனைக்கு இருந்தது. எடை நூறு கிலோவைச் சற்றே தாண்டும். முன்பாயோடும் ஓட்டலாம், இல்லாமலும் ஓட்டலாம்.

தோழியைத் தொலைபேசியில் அழைத்தேன். ஹோபியை விட மனமில்லாமல் கொஞ்ச நேரம் வாதாடினாள். பிறகு அவளே சொன்னாள்: "நான் வர்றதே வருஷத்துக்கு ரெண்டு தடவ. எனக்காக வாங்காத, உனக்காக வாங்கு." அதற்குமேல் இருவரும் படகைப் பற்றிப் பேசவில்லை. அவளுடைய பள்ளியைப் பற்றிப் பேசினோம்.

படகுக்குச் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற சீனப் பெரியவர். பார்க்கப் போனபோது, "அங்கிள், வாங்குறதுக்கு முன்னால இத ஒரு தடவ கவுத்துப் பார்க்கணும்" என்றேன். சிரித்துவிட்டார். ஓட்டிப் பார்ப்பவர்கள் உண்டு, கவிழ்த்துப் பார்க்க வந்தவர் யாருமில்லையாம். தாமே ஒரு விசைப்படகில் துணைக்கு வந்தார். அம்மா கரையில் சவுக்கு மர நிழலில் உட்கார்ந்துகொண்டார்.

முதல் முறை வெறும் உடம்போடு தொங்கினேன். பாய்மரம் ஒரு சாண் எழும்பி மீண்டும் விழுந்தது. இரண்டாம் முறையும் அதே கதை. பிறகு நான் கொண்டுபோயிருந்த நைலான் நீர்ப்பையை எடுத்தேன். கடல்நீரை மொண்டு கயிற்றில் மாட்டினால், பை நீரைவிட்டு மேலே வந்த கணமே அது நம் எடையோடு சேர்ந்துகொள்ளும். 35 லிட்டர் என்றால் 35 கிலோவுக்கும் சற்று அதிகம். இல்லாத தோழிக்குப் பதில் அரைத் தோழி! மூன்றாம் முறை பாய்மரம் தயங்கித் தயங்கி எழுந்தது. பாயிலிருந்து நீர் வழியத் தொடங்கியதும் சட்டென்று நிமிர்ந்தது. அந்த நொடியில் குறுக்குச் சட்டத்தைத் தாவிப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் படகு மறுபக்கம் சாயும், அல்லது நம்மை விட்டுவிட்டுத் தானே கிளம்பிவிடும்.

கரைக்கு வந்ததும் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்தப் பையில இன்னும் கொஞ்சம் தண்ணி புடிக்காதா?"

பழைய கட்டுமரக்காரர்கள் கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் உலர்த்துவார்கள். எத்தனை மரம் கட்டுவது என்பது எத்தனை பேர், என்ன வேலை என்பதைப் பொறுத்தது. முன்பாயைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் எனக்கு அது நினைவுக்கு வருகிறது. கடலில் செய்ய முடிவது மட்டுமன்று, கரையில் செய்ய முடிவதும் கணக்கில் சேரும். போர்ட்டிக்சனில் நீர் வற்றும் நேரத்தில் நூறு கிலோவை மணலில் தனியே இழுப்பது கவிழ்ந்ததை நிமிர்த்துவதற்குக் குறைந்த வேலை இல்லை. அகன்ற சக்கரம் வைத்த தள்ளுவண்டிக்குத் தனியாகச் செலவு செய்தேன்.

காலை வேளையில் மேற்கே வானம் கறுத்தால் படகைத் தொடுவதில்லை. சுமத்ராக் காற்று வந்துசேரச் சிறிது நேரம் போதும். மிதவை அங்கியும் ஊதலும் எப்போதும் உடம்பில். எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். ஐந்து நிமிடம் தாண்டினால் கைப்பேசி அலறும்.

முன்பாய் இப்போது என் அறையில் சுருட்டிக் கிடக்கிறது. அதன் கயிறு ஒன்று நைந்திருக்கிறது. விடுமுறைக்குத் தோழி வருவதற்குள் மாற்ற வேண்டும்.