தொட்டிக்குக் கலிங்கு எங்கே?

‘மீன் தொட்டி ஒண்ணு செய்யணும். நல்ல ஆள் யாராச்சும் இருந்தா சொல்லேன்’ என்று திருச்சி நண்பனுக்கு போன் போட்டேன்.

‘இதென்னடா கேள்வி? நேரா கொளத்தூர் போ. தெருவுக்குத் தெரு மீன் கடைதான்!’

‘நான் பேசறதே குளத்தூர்லேர்ந்துதாண்டா.’

‘அப்புறம் என்ன? வாசல்ல எட்டிப் பாரு!’

எட்டிப் பார்த்தேன். ஒரு டீக்கடை, இரண்டு ஆடு, பஞ்சர் ஒட்டக் காத்திருக்கும் ஒரு சைக்கிள். தொட்டி என்று பார்த்தால் ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கிற சிமெண்ட் தொட்டி ஒன்றுதான்.

நண்பன் சொன்னது சென்னைக் கொளத்தூர். வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர் போன இடம். மொட்டை மாடியில்கூட மீன் வளர்க்கிறவர்கள் அங்கே உண்டு. நான் இருப்பது புதுக்கோட்டை மாவட்டம், கீரனூர் பக்கத்துக் குளத்தூர். சுமார் 350 கிலோமீட்டர் இந்தப் பக்கம். தாலுகாவுக்குப் பெயர் எங்கள் ஊர்ப் பெயர்தான். தாலுகா ஆபீஸ் மட்டும் கீரனூரில்! சேலம் மாவட்டத்தில் மேட்டூர் பக்கம் ஒரு கொளத்தூர், தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு குளத்தூர் என்று இன்னும் பல உண்டு. வாயால் சொல்லும்போது எல்லாமே ‘கொளத்தூர்’தான். கூரியர்காரர்கள் பாவம்.

சரி, இந்த வயதில் எனக்கெதற்கு மீன் தொட்டி?

எனக்கில்லை. அப்பாவுக்கு.

போன ஐப்பசி மழையில் அப்பா வாசலில் வழுக்கி விழுந்தார். இடுப்பில் முறிவு. ஆபரேஷன் முடிந்தது. ஆனால் கட்டிலோடு சரி. அதுவரை காலையிலும் சாயங்காலமும் குளத்தங்கரையில் ஒரு நடை போகாமல் அவருக்குச் சோறு இறங்காது. திரும்பி வரும்போது டீக்கடையில் நின்று, வானிலை அறிக்கை மாதிரி, ‘கலிங்கு பாய இன்னும் ரெண்டு முழம் இருக்கு’ என்று அறிவிப்பார். அப்படிப்பட்ட மனுஷன் நாள் முழுக்க மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். டி.வி. வைத்தோம். ‘அணைச்சுத் தொலை’ என்றார்.

என் மனைவிதான் சொன்னாள். ‘குளத்துக்கு அவரைத் தூக்கிட்டுப் போக முடியாது. குளத்தைக் கொஞ்சம் இங்க கொண்டு வரலாமே?’

கட்டிலுக்கு நேர் எதிரே, மரத்தூணுக்கும் சுவருக்கும் நடுவில் 43 அங்குல இடைவெளி. கடைகளில் தொட்டி இரண்டடி, மூன்றடி, நாலடி என்று வருகிறது. நாலடி நுழையாது. மூன்றடி போதாது, அப்பாவுக்குக் கண் பார்வை கொஞ்சம் மட்டு. ஆகவே 42 நீளம், 15 அகலம், 18 உயரம் என்று அளவு சொல்லிச் செய்ய வேண்டும். இங்கேதான் பிடித்தது சனி.

எங்கள் பக்கத்தில் மீன் என்றால் ஒரே அர்த்தம்தான். கோடையில் கண்மாய் வற்றியதும் மீன்பிடித் திருவிழா. கூடையும் வலையுமாக ஊரே இறங்கும். யாரிடம் ‘மீன் தொட்டி’ என்றாலும் ‘எத்தனை கிலோ பிடிக்கும்?’ என்றுதான் கேட்டார்கள். எதிர்வீட்டு அப்பத்தா ஒருபடி மேலே போய், ‘உசிரோட வச்சிருந்து அன்னன்னிக்கிக் கொழம்பு வைக்கவா? நல்ல ஏற்பாடு’ என்று பாராட்டியே விட்டார்.

இத்தனைக்கும் மீன் தொட்டி எங்கள் மாவட்டத்துக்குப் புதிதில்லை. சித்தன்னவாசல் குடைவரைக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். 9-ஆம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில், விதானத்தில் ஒரு தாமரைக் குளத்தையே தீட்டி வைத்திருக்கிறார்கள். மீன், பறவை, யானை, எருமை, பூப்பறிக்கிற ஆட்கள் எல்லாம் அதில் உண்டு. தலைக்கு மேலே குளம்! வர்ணம் அங்கங்கே உதிர்ந்திருக்கிறதே தவிர, 1100 வருஷமாக ஒரு சொட்டு ஒழுகவில்லை. அந்த ஓவியரின் செல் நம்பர்தான் கிடைக்கவில்லை.

கிடைத்தவர் வேறொருவர். ஜன்னல் கண்ணாடி மாட்டுகிறவர். அளவைச் சொல்லி முடிப்பதற்குள் ‘முடிச்சிரலாம் ஸார்’ என்றார். எங்கே வைக்கப் போகிறேன், என்ன மீன், ஒன்றும் கேட்கவில்லை. ஆஹா, என்ன ஒரு தன்னம்பிக்கை என்று நான் பூரித்துப் போனேன்.

5 மி.மீ. கண்ணாடி கொண்டு வந்தார். எங்கள் திண்ணையிலேயே வெட்டினார். கை வைத்த ஓரத்தைத் துடைக்காமல் சிலிகான் பிசினைப் பீச்சினார். வீடெல்லாம் ஊறுகாய் ஜாடி திறந்த மாதிரி வினிகர் நெடி. ஒரு மணி நேரத்தில் தொட்டி ரெடி. ‘நாளைக்குத் தண்ணி விட்டுருங்க ஸார்.’

விட்டேன். இரவு ஒன்றரை மணிக்கு ‘டப்’ என்று ஒரு சத்தம். தொடர்ந்து அப்பாவின் குரல்: ‘டேய்! கரை உடைஞ்சிருச்சுடா!’

பல வாரங்களுக்குப் பிறகு அப்பாவின் குரலில் உற்சாகம் இருந்தது. எனக்குத்தான் இல்லை. கணுக்காலுக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர். நல்லவேளை, மீன் விடவில்லை. விடிய விடிய வாளியும் சாக்குமாக இறைத்தோம். காலையில் அவருக்கு போன் போட்டால் பதில் வந்தது: ‘நீங்க அவ்வளவு தண்ணி விடுவீங்கன்னு நான் நினைக்கல ஸார்!’

மனைவியைச் சமாதானப்படுத்த உலக நடப்பை எடுத்தேன். ‘2022 டிசம்பர் 16-ந் தேதி பெர்லினில், ஹோட்டல் நடுக்கூடத்தில் இருந்த அக்வாடோம் தொட்டியே வெடித்தது. பத்து லட்சம் லிட்டர். சுமார் 1500 மீன்!’

‘அது அவங்க ஹோட்டல் கூடம். இது என் அரிசி மூட்டை’ என்றாள்.

இரண்டாவது ஆளைத் தேட ஒன்றரை மாதம் ஆயிற்று. இந்த முறை கண்ணாடிக் கடையில் விசாரிக்கவில்லை. மீன் விற்கிறவரிடம், ‘உங்க கடைத் தொட்டியெல்லாம் யார் செஞ்சது? எத்தனை வருஷமா ஒழுகாம இருக்கு?’ என்று கேட்டேன். அவர் கொடுத்த நம்பர், திருச்சியில் ஓர் இளைஞர். விலை கேட்டேன். அவர் என்னைக் கேட்க ஆரம்பித்தார்.

‘தரை சிமெண்டா, டைல்ஸா ஸார்? மட்டமா இருக்கா? போர் தண்ணியா? பாக்கறவங்க உக்காந்து பாப்பாங்களா, படுத்தா? பக்கத்துல பிளக் பாயிண்ட் எங்க இருக்கு? வீட்ல சின்னப் பசங்க உண்டா?’

பெண் கேட்டுப் போன வீட்டில்கூட இத்தனை கேள்வி கேட்கவில்லை. எரிச்சலாக இருந்தது. அப்புறம் அவர் கணக்குச் சொன்னார்.

விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 185 லிட்டர். அதாவது 185 கிலோ. கண்ணாடியும் கூழாங்கல்லும் சேர்த்தால் 240 கிலோ. மூன்று மூட்டை அரிசிக்கு மேல். ‘அது கீழ்நோக்கி ஸார். பக்கவாட்டில முன்கண்ணாடியை மட்டும் சுமார் 110 கிலோ தள்ளும். ஒரு குண்டு ஆள் ராத்திரி பகலா சாஞ்சுக்கிட்டே நிக்கிற மாதிரி. இதுல தொட்டியோட முன்பின் அகலம் கணக்கில்லை. உயரம்தான் முக்கியம். உயரத்தை ரெண்டு மடங்காக்கினா தள்ளற பலம் நாலு மடங்காகும்.’

ஆகவே 8 மி.மீ. கண்ணாடி. மேல் விளிம்பில் கண்ணாடிப் பட்டி ஒட்டணும். இல்லாவிட்டால் நடுவில் தொப்பை போடும். ஓரத்தைத் தேய்த்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, அப்புறம் கை படக்கூடாது. ஒட்டினபின் ஒரு வாரம் தொடவே கூடாது. பிறகு அவர் பட்டறையிலேயே தண்ணீர் நிரப்பி மூன்று நாள் வைத்துப் பார்ப்பார். விலையைக் கடைசியில்தான் சொன்னார். முதல் ஆள் வாங்கியதைப்போல இரண்டு மடங்கு. இடம் பார்க்க நேரிலும் வந்தார்.

அவர் டேப் பிடிப்பதை அப்பா படுத்தபடியே பார்த்துக் கொண்டிருந்தார்.

‘ஏந் தம்பி, குளத்துக்கரை ஏன் அடியில அகலமாவும் மேல குறுகலாவும் இருக்கு, தெரியுமா?’

‘ஆழம் போகப் போகத் தண்ணி அதிகமாத் தள்ளும், அதான் ஐயா.’

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். ‘இந்தப் பய சரியான ஆளுடா’ என்று அர்த்தம். என் பள்ளிக்கூட நாட்களில் ஒருமுறைகூட எனக்குக் கிடைக்காத பார்வை அது!

‘சரி, இதுக்குக் கலிங்கு எங்க?’

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ‘ரெண்டு இஞ்சு குறைச்சுத்தான் தண்ணி நிறுத்துவோம் ஐயா.’

‘கரண்டு போனா?’

இளைஞர் யோசித்தார். ‘நல்லவேளை கேட்டீங்க. காத்து பம்பைத் தண்ணி மட்டத்துக்குக் கீழ வச்சா, கரண்ட் போனதும் டியூப் வழியா தண்ணி எதிர்ப்பக்கம் இறங்கி வெளியே கொட்டிரும். பிளக் கீழதான் இருக்கு. வயரை மேல இழுத்து, பம்பை உசரத்துல மாட்டிருவோம்.’

நானும் போர்மேன் மாதிரி தலையாட்டினேன்.

நண்பர்கள் இப்போது என்னிடம் யோசனை கேட்கிறார்கள். அனுபவஸ்தனாயிற்றே! ஒன்றே ஒன்றுதான் சொல்கிறேன். ‘முடிச்சிரலாம்’ என்று சொல்கிறவரை விட்டுவிடுங்கள். உங்களைக் குடைந்து குடைந்து கேள்வி கேட்கிறவரைப் பிடியுங்கள். எரிச்சல் வரத்தான் செய்யும். ராத்திரி ஒன்றரை மணிக்கு வாளி தூக்குகிற எரிச்சல் அதைவிடப் பெரிது.

தொட்டி வந்தது. அடியில் தெர்மோகோல், அதற்கும் அடியில் இரும்பு ஸ்டாண்ட், ரசமட்டம் வைத்துப் பார்த்து நிறுத்தினார். ‘எடுத்த உடனே கூட்டமா மீன் விடாதீங்க ஸார். கழிவுலேர்ந்து வர்ற அம்மோனியாவைத் தின்னுத் தீர்க்கிற பாக்டீரியா குடியேற நாலஞ்சு வாரம் ஆகும்’ என்றார். முதலில் இரண்டே இரண்டு கோல்டு ஃபிஷ். இப்போது நாலு.

முதல் பத்து நாள் நான்தான் தூங்கவில்லை. ஒன்றரை மணிக்கு எழுந்து டார்ச் அடித்து மூலை மூலையாகத் தடவிப் பார்ப்பேன். ‘போய்ப் படுடா, கரையை நான் பாத்துக்கறேன்’ என்பார் அப்பா. அவரும் தூங்கியிருக்க மாட்டார். ஆனால் மின்விசிறியைப் பார்த்துக் கொண்டிருக்க மாட்டார்.

போன வாரம் டீக்கடைக்காரர் பார்க்க வந்தார். தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, பழைய ஞாபகத்தில் கேட்டார்.

‘என்னங்கய்யா, கலிங்கு பாயுமா?’

அப்பா ஒரு கணம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தண்ணீர் மட்டத்தைப் பார்த்தார்.

‘இன்னும் ரெண்டு இஞ்சு இருக்கு!’