இரண்டு கேள்விகள்

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய காரைப் பேணுவதன்றி எம்மைப் போன்றோருக்கு வேறு வழியிருக்கவில்லை.

என் கார் காலி வீதியில் பச்சை விளக்கு விழுந்ததும் ஒரு கணம் தயங்கி, குலுங்கிய பின்னரே நகரத் தொடங்கியது. முகவரின் சேர்விஸ் நிலையத்தில் முறையிட்டேன். இன்ஜின் பிளஷ், இன்ஜெக்டர் சுத்திகரிப்பு, கியர் ஒயில் மாற்றம் என ஒரு பட்டியல் தந்தார்கள். எந்தப் பரிசோதனையில் இவை தேவையெனக் கண்டீர்கள் என்று வினவினேன். "இவ்வளவு தூரம் ஓடின கார் எல்லாத்துக்கும் செய்யிறதுதான் ஐயா" என்பதே பதில்.

செய்திக்கு மூலம் கேட்டே பழகியவன் நான். காருடன் வந்த கைந்நூலைப் புரட்டினேன். கியர் ஒயில் மாற்றத்துக்குக் காலக்கெடு இருந்தது. அது நியாயமானதே, ஆயினும் தயக்கத்துக்கு மருந்தன்று. மற்றைய இரண்டும் அந்நூலில் இல்லை.

சிறிய கராஜ் ஒன்றில் மெக்கானிக் தம்பி ஸ்கேனரைப் பொருத்தினார். மூன்றாம் சிலிண்டரில் எரிதல் தவறுவதாகக் காட்டியது. அதன் இக்னிஷன் கொயிலை முதலாம் சிலிண்டருக்கு மாற்றிப் பார்த்தார். பிழையும் அங்கே இடம்பெயர்ந்தது. கொயில் ஒன்றைப் புதிதாக இட்டதும் தயக்கம் நீங்கியது.

எல்லாத் தயக்கத்துக்கும் கொயில் காரணமன்று. அழுக்கடைந்த காற்று வடிகட்டி, தேய்ந்த பிளக், கரி படிந்த திரொட்டில், வலுவிழந்த பெற்றோல் பம்ப் எனக் காரணங்கள் பல. அதனாலேயே பரிசோதனை முதலிலும் செலவு பின்னரும் வரவேண்டும். பட்டியலை நீட்டுவோரிடம் கேளுங்கள்: கைந்நூலில் எந்தப் பக்கம்? காட்டியது எந்தச் சோதனை?