விரால் தந்த பாடம்

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணி, எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் ஓடுகிறது. விடுமுறை விட்டால் எங்களுக்கு ஆறே கதி. சென்ற காலாண்டு விடுமுறையில் அக்கா, தம்பி, தங்கை என நாங்கள் மூவரும் தாத்தாவிடம் தூண்டில் போடக் கற்றுக்கொண்டோம்.

மூங்கில் கம்பில் நரம்பு கட்டி, மயிலிறகுத் தண்டைத் தக்கையாக்கி, மண்புழு கோர்த்துப் போட்டால் கெண்டையும் கெளுத்தியும் அகப்படும். ஆனால் எங்கள் ஆசையெல்லாம் விரால் மேல்தான். ஆச்சி வைக்கும் விரால் குழம்பின் ருசி அப்படி! அதற்கு மண்புழு போதாது, சிறு தவளையைக் கோர்க்க வேண்டும் என்று தாத்தா சொல்லியிருந்தார்கள்.

ஒரு நாள் பிற்பகல் தாத்தா கண்ணயர்ந்த நேரம் பார்த்து, கோரை அடர்ந்த கசத்தின் ஓரம் சென்றோம். தண்ணீரில் குங்குமம் கரைத்தாற்போல ஒரு சிவப்புத் திட்டு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. உற்றுப் பார்த்தால் அத்தனையும் விரால் குஞ்சுகள்! அவற்றின் நடுவே தவளையைப் போட்ட மறுகணமே கம்பு வளைந்தது. மூவரும் சேர்ந்து இழுத்தோம். முழங்கை நீள விரால்! அதை நனைத்த கோணிப்பையில் போட்டுக்கொண்டு, கூச்சலிட்டபடியே வீட்டுக்கு ஓடினோம்.

தாத்தா மகிழவில்லை. "குஞ்சுக கூட நின்ன மீனா?" என்று கேட்டார்கள். ஆம் என்றோம்.

"அது பசிச்சுக் கடிக்கலை, பிள்ளைகளா. குஞ்சைத் தின்ன வந்த தவளைன்னு நெனச்சு விரட்ட வந்திருக்கு."

விரால், முட்டையிட்டதும் விட்டுப் போய்விடுகிற மீன் அன்று. குஞ்சுகள் தாமே பிழைக்கும் வரை அடியில் நின்று காவல் காக்கும். காவல் போனால், 1952-இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு இன்று ஆறு குளமெங்கும் பெருகிவிட்ட ஜிலேபிக் கெண்டை முதலான மீன்களுக்கு அவை இரையாகிவிடும்.

அடுக்களையில் ஆச்சி மசாலா அரைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் நாவிலும் நீர் ஊறியது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். விரால் காற்றையும் சுவாசிக்கும். அதனால்தான் சந்தையில் அதை உயிரோடு விற்க முடிகிறது. பையில் அது இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது. தம்பி பையைத் தூக்கினான். மூவரும் ஆற்றுக்குத் திரும்ப ஓடினோம்.

சிவப்புத் திட்டைக் காணவில்லை. பிடித்த இடத்திலேயே மீனை விட்டோம். வாயோரம் கிழிந்திருந்த அது ஒரு கணம் அசையாமல் நின்று, பின் ஆழத்தில் மறைந்தது.

மறுநாள் தாத்தாவோடு சென்று நெடுநேரம் காத்திருந்தோம். கோரையடியில் சிவப்புத் திட்டு தெரிந்தது. ஆனால் முன்பு இருந்ததில் பாதிகூட இல்லை. மீதி எங்கே என்று தாத்தாவிடம் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை.

ஆண்டவர் தம் முதல் சீடர்களை மீனவர்களிடையேதான் தேர்ந்தெடுத்தார். எனவே மீன் பிடிப்பது பாவமன்று. நாங்களும் தூண்டில் போடுவதை விட்டுவிடவில்லை. சிவப்புத் திட்டைக் கண்டால் மட்டும், நரம்பைச் சுற்றிக்கொண்டு வேறு துறைக்குப் போய்விடுகிறோம். வீட்டிலும் பள்ளியிலும் நமக்காகக் காவல் நிற்பவர்களை, அன்று முதல் சற்று அதிகமாகவே நினைத்துக்கொள்கிறோம்.