புகையில் தொங்கும் முள்ளங்கி... பாட்டிகள் காப்பாற்றும் அகிதா ஊறுகாய்!

டீக்குத் தொட்டுக்கொள்ள என்ன? ஜப்பானின் அகிதா மாகாணத்தில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில்... ஊறுகாய்!

விருந்தாளி வந்து உட்கார்ந்ததும் சூடான கிரீன் டீ வரும். கூடவே ஒரு சின்னத் தட்டில், வட்ட வட்டமாக நறுக்கிய பழுப்பு நிற முள்ளங்கி. இந்த உபசரிப்புக்கு 'காக்கோ சாக்கோ' என்று பெயர். அகிதா வட்டார வழக்கில் காக்கோ என்றால் ஊறுகாய், சாக்கோ என்றால் தேநீர். ஜப்பானின் மற்ற பகுதிகளில் ஏறக்குறைய இதே உச்சரிப்புக்கு அர்த்தம் பள்ளிக்கூடம். 'காக்கோ சாப்பிடுங்க' என்று பாட்டி சொன்னால், வெளியூர்க்காரர்கள் ஒரு நிமிடம் திகைத்துத்தான் போவார்கள்!

அந்தத் தட்டில் இருப்பதுதான் 'இபுரிகாக்கோ'. அதாவது, புகை போட்ட ஊறுகாய்.

வெயில் இல்லாததால் வந்த ருசி

முள்ளங்கியை வெயிலில் காயவைத்து, பிறகு அரிசித் தவிட்டில் ஊறவைப்பது ஜப்பான் முழுக்க உள்ள பழக்கம். ஆனால், அகிதாவில் அது சுலபமில்லை. ஜப்பான் கடலைப் பார்த்தபடி இருக்கும் இந்த வடக்கு மாகாணத்தில், முள்ளங்கி அறுவடையாகும் அக்டோபர், நவம்பரிலேயே வெயில் குறைந்துவிடும். அடுத்து பனி. யோகொதே போன்ற உள்நாட்டு ஊர்களில் ஆளுயரத்துக்குக்கூடக் குவியும். காய்கறி எதுவும் விளையாத அந்த மாதங்களைக் கடக்க ஊறுகாய்தான் துணை.

வெயில் இல்லை. ஆனால், வீட்டின் நடுவே 'இரோரி' என்ற தரை அடுப்பு இருந்தது. குளிர்காய்வதும் சமைப்பதும் அதில்தான். அதற்கு மேலே முள்ளங்கிகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள். அடுப்புச் சூட்டில் காய்ந்த முள்ளங்கியில் புகை வாசமும் ஏறிக்கொண்டது. வேறு வழியில்லாமல் செய்த வேலை, ஊருக்கே அடையாளமாகிவிட்டது.

போருக்குப் பிறகு வீடுகளுக்கு நவீன அடுப்புகள் வந்தன, இரோரிகள் மறைந்தன. ஆனாலும் புகை ருசியை விட மனமில்லை. தோட்டத்து ஓரத்தில் புகைக் குடிசை கட்டி, வேலையை அங்கே மாற்றிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வீடு வேறு!

செய்முறை கேட்க எளிமையானதுதான். கழுவிய முள்ளங்கிகளை வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டு, கீழே செர்ரி, ஓக் போன்ற மரக்கட்டைகளை எரிக்க வேண்டும். தீ அதிகமானால் முள்ளங்கி வெந்துவிடும், குறைந்தால் காயாது. அதனால் ராத்திரியிலும் எழுந்துபோய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும். சில நாள்களில் முள்ளங்கி சுருங்கிப் பழுப்பேறும். பிறகு அரிசித் தவிடு, உப்பு, சர்க்கரை கலந்து பீப்பாயில் அடுக்கி, மேலே பாரம் வைத்து 40 நாள்களுக்கு மேல் ஊறவிட வேண்டும். தவிட்டுக்கு அங்கே பஞ்சமில்லை. ஜப்பானின் புகழ்பெற்ற 'அகிதா கொமாச்சி' அரிசி விளையும் மண் அது.

உப்பு எவ்வளவு, இனிப்பு எவ்வளவு, எந்த மரம், எத்தனை நாள் புகை என்பது ஒவ்வொரு வீட்டிலும் மாறும். மாமியாரிடம் கற்றுக்கொண்ட கைப்பக்குவம்தான் அளவு. யோகொதே நகரைச் சேர்ந்த சன்னாய் பகுதியில், யாருடைய ஊறுகாய் ருசி என்று பார்க்க 2007 முதல் போட்டியே நடக்கிறது. ஒலிம்பிக் மாதிரி அதற்கு 'இபுரின்பிக்' என்று பெயர்! 2019-ல் இபுரிகாக்கோவுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இன்றைய இளைஞர்கள் இதன்மேல் க்ரீம் சீஸ் வைத்துச் சாப்பிடுகிறார்கள். பொடியாக நறுக்கி உருளைக்கிழங்கு சாலடிலும் சேர்க்கிறார்கள். கடிக்கும்போது நறுக்கென்ற சத்தம், உப்பும் இனிப்பும், கடைசியில் விறகடுப்பு வாசம். ஒரு துண்டோடு நிறுத்துவது கஷ்டம்.

பாட்டிகளுக்கு வந்த சோதனை

இதுவரை வீட்டுக் கொல்லையில் செய்ததைச் சாலையோர விற்பனை நிலையங்களில் வைத்து, பாட்டிகள் கைச்செலவுக்குச் சம்பாதித்து வந்தார்கள். அதில்தான் ஒரு திருப்பம்.

2012-ல் சப்போரோ நகரில், ஒரு சீன முட்டைக்கோஸ் ஊறுகாயில் கலந்த ஈ.கோலி கிருமியால் 160-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 8 பேர் இறந்தனர். அதன் பிறகு உணவுச் சுகாதாரச் சட்டம் 2018-ல் திருத்தப்பட்டு, ஊறுகாய் விற்க உரிமம் கட்டாயமானது. 2021 ஜூனில் விதி அமலுக்கு வந்தது. பழைய உற்பத்தியாளர்களுக்குத் தரப்பட்ட அவகாசம் 2024 மே மாதத்தோடு முடிந்தது.

உரிமம் வேண்டுமானால் வீட்டுச் சமையலறையில் செய்யக் கூடாது. தனி இடம் வேண்டும். சுலபமாகக் கழுவக்கூடிய தரையும், கைவிரல் படாமல் திறக்கும் குழாயும் வேண்டும். இதற்கெல்லாம் பெரும் செலவாகும். ஜப்பானிலேயே முதியோர் விகிதம் மிக அதிகமுள்ள மாகாணம் அகிதா. அங்கே 100 பேரில் சுமார் 39 பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். எண்பதை நெருங்கும் ஒருவர், வருடத்துக்குச் சில பீப்பாய் ஊறுகாய்க்காகக் கடன் வாங்கிக் கட்டடம் கட்டுவாரா?

பலர் விற்பதை நிறுத்திவிட்டார்கள். உள்ளூர் நிர்வாகம் தந்த மானியத்தில் இடத்தைச் சீரமைத்து, சிலர் தொடர்கிறார்கள். சட்டத்தின் மீது கோபப்படவும் முடியாது. அதன் பின்னால் 8 உயிர்கள் இருக்கின்றன. ஆனால், ஒரு பாட்டி பீப்பாயைக் கவிழ்த்து வைக்கும்போது, அந்த வீட்டுக்கே உரிய ருசி ஒன்று கடையிலிருந்து காணாமல் போகிறது. தொழிற்சாலை பாக்கெட் எங்கும் கிடைக்கும். அந்த ருசி கிடைக்காது.

போனால் என்ன சாப்பிடலாம்?

டோக்கியோவிலிருந்து புல்லட் ரயிலில் கிடாகாமி வரை போய், அங்கிருந்து மலைகளுக்கு நடுவே சுமார் 60 கி.மீ. ஓடும் உள்ளூர் ரயிலைப் பிடித்தால் யோகொதே.

இலையுதிர் காலத்தில் போனால் சன்னாய் பகுதியின் சேப்பங்கிழங்கு சூப் கிடைக்கும். கிழங்கு, கோழி, காளான், கீரை சேர்த்துப் பெரிய பாத்திரத்தில் கொதிக்கும். பொரித்த முட்டையை மேலே வைத்துத் தரும் யோகொதே யாகிசோபா நூடுல்ஸும் பிரபலம்.

புதிய இபுரிகாக்கோவுக்குக் குளிர்காலமே சரியான நேரம். பிப்ரவரி நடுவில் 'கமகுரா' திருவிழா. பனியால் கட்டிய குடிசைகளுக்குள் நீர்த் தெய்வத்துக்குச் சிறிய மாடம் இருக்கும். குழந்தைகள் உள்ளே உட்கார்ந்து, வருவோர் போவோரை அழைத்து, அரிசியில் செய்த இனிப்பு பானமான அமசகேயும், சுட்ட மோச்சியும் தருவார்கள்.

சன்னாய் சாலையோர விற்பனை நிலையத்திலும் ஒரு நடை பார்க்கலாம். பெரிய கம்பெனி பாக்கெட்டுகளோடு, உள்ளூர்க்காரர்கள் போட்ட ஊறுகாயும் இருந்தால், அதை எடுங்கள். சைவம் சாப்பிடுபவர்கள் மட்டும், மீன் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

விற்பதற்குத்தான் உரிமம் வேண்டும். தன் வீட்டுக்குப் போட்டுக்கொள்ள எந்தச் சட்டமும் தடையில்லை. எனவே, கடைக்குப் போவதை நிறுத்தியவர்களின் வீட்டிலும் பேரப்பிள்ளைகளுக்காக ஒரு பீப்பாய் ஊறிக்கொண்டிருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள ஒரு பேத்தி இருந்தால் போதும், அடுத்த குளிர்காலத்திலும் அந்தக் குடிசையில் புகை வரும்!