சோளக்கதிருக்கு எந்த நாளில் தாகம் அதிகம்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் மாலையில் நடந்தால், கரியில் சுடும் மக்காச்சோள வாசனை ஆளை இழுக்கும். எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் தடவிய அந்தக் கதிர் எவ்வளவு தண்ணீர் குடித்து வளர்ந்தது என்று யாராவது யோசித்ததுண்டா?

தண்ணீரின் அருமை இந்தப் பகுதிக்கு நன்றாகவே தெரியும். ஒரு காலத்தில் வயல்களுக்குப் பாய்ந்த செம்பரம்பாக்கம் ஏரி, இன்று சென்னைக்குக் குடிநீர் தருகிறது. 2019 கோடையில் அதுவும் வறண்டது. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருந்தவர்களுக்கு விவசாயியின் கவலை புரியும்.

2004-ல் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் துல்லியப் பண்ணையத் திட்டம் தொடங்கியது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைச் செயல்படுத்தியது. சொட்டு நீர்க் குழாய் வழியாகவே உரமும் வேருக்குப் போனது. இன்று சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டு நீர்ப் பாசனம் அமைக்க 100 சதவீத மானியம் உண்டு. சரி, குழாய் வந்துவிட்டது. வால்வை எப்போது திறப்பது, எவ்வளவு நேரம் விடுவது? அதைக் குழாய் சொல்லாது.

அதற்குத்தான் பயிர் மாதிரிகள் எனும் கணினி நிரல்கள். மண்ணின் தன்மை, விதை ரகம், விதைத்த தேதி, தினசரி வெப்பம், வெயில், மழை ஆகியவற்றைக் கொடுத்தால், திரையிலேயே பயிரை நாள்வாரியாக வளர்த்துக் காட்டும். மக்காச்சோளத்துக்கு 'செரஸ்-மெய்ஸ்' பிரபலம். ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு 2009-ல் 'அக்வாகிராப்' என்ற நிரலை வெளியிட்டது.

தினமும் பாய்ச்சினால் என்ன விளையும்? மண்ணின் ஈரம் பாதி குறைந்தபின் பாய்ச்சினால்? 30 வருட வானிலையை வைத்து இரண்டையும் சில நிமிடங்களில் ஒப்பிடலாம். வயலில் செய்தால் 30 வருடம் ஆகும்.

மக்காச்சோளத்துக்கு எல்லா நாளும் ஒன்றல்ல. இளம்பயிர் கொஞ்சம் வாட்டத்தைத் தாங்கும். ஆண்பூ விரிந்து, கதிரில் பட்டு நூல்போல இழை வெளிவரும் நாட்களில் ஈரம் குறைந்தால் மணி பிடிக்காது. மொத்தம் எவ்வளவு மிச்சம் என்பதைவிட, எந்த நாளில் மிச்சம் பிடிக்கலாம் என்பதே முக்கியம்.

சராசரி விளைச்சலைச் சொன்னால் விவசாயி நம்பமாட்டார். "மழை பொய்த்த வருஷத்துல என்ன ஆகும்?" என்பதுதான் அவர் கேள்வி. 30 வருடத்தில் எத்தனை முறை விளைச்சல் சரிந்தது என்று மாதிரியிடமே கேட்டுப் பார்க்கலாம்.

ஆனால், மின்வெட்டும் படைப்புழுவும் தானாக அதன் கணக்கில் வராது. உள்ளூர் வயலில் அறுத்து எடைபோட்ட விளைச்சலோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகே அதன் பேச்சைக் கேட்க வேண்டும். திரையில் காய்ந்த பயிரால் யாருக்கும் நஷ்டமில்லை. வயலில் காய்ந்தால், அந்த வருடக் கடன் அப்படியே நிற்கும்.