பார்க்கிறவருக்கு எத்தனை பெயர்?

அடுப்பில் பால் பொங்காமல் பார்ப்பதும், நோயாளியைப் பார்ப்பதும், பிள்ளையைப் பார்ப்பதும், முன்வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்று பார்ப்பதும் நமக்கு ஒரே சொல்தான். இடத்தை வைத்துப் பொருளை விளங்கிக் கொள்கிறோம். ஆங்கிலத்தில் அது நடக்காது. பார்க்கிற ஒவ்வொருவருக்கும் அங்கே தனித்தனிப் பெயர் இருக்கிறது. பெயர் மாறினால் அவருடைய அதிகாரமும் மாறிவிடும். அகராதியில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிற சொற்கள்தானே என்று ஏதாவதொன்றை எடுத்துப் போட்டால், சில வேளை ஒருவருடைய வேலையே கைநழுவிப் போகும்.

ஓய்வு பெற்ற பின்னர் அஸருக்குப் பிறகு வீட்டிலேயே பெண்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். சாதாரண தரம் எழுதும் பிள்ளைகள்தாம் அதிகம். இடைக்கிடை விண்ணப்பப் படிவங்களோடு குடும்பப் பெண்களும் வருவார்கள். அப்படி வந்தவள்தான் எங்கள் தெருவிலுள்ள ஒரு பெண்பிள்ளை. கணவர் மௌத்தாகி மூன்று வருடம். இரண்டு பிள்ளைகள். பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதியொன்றுக்குப் பொறுப்பாளர் தேவை என்ற விளம்பரத்தைக் கண்டு, தானே கஷ்டப்பட்டு ஆங்கிலத்தில் ஒரு சுயவிபரக் கோவை எழுதிக் கொண்டு வந்திருந்தாள்.

திருமணத்துக்கு முன் அவள் ஆடைத் தொழிற்சாலையொன்றில் வேலை செய்தவள். பிறகு ஒரு தனியார் பாடசாலையில் தவணைப் பரீட்சைகளின் போது மண்டபத்தில் நின்றிருக்கிறாள். ஒரு தேர்தலின் போது கண்காணிப்புத் தொண்டராகவும் போயிருக்கிறாள். மூன்று வேலைக்கும் நேரே அவள் எழுதியிருந்த சொல் ஒன்றேதான்: ‘வொச்சர்’.

“ராத்தா, மூணு எடத்திலயும் பாத்துக்கிட்டு நிண்டதுதானே என்ட வேல. அதான் அப்பிடிப் போட்டன்” என்றாள்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ‘வொச்’ என்றால் பார்த்தல், ‘வொச்சர்’ என்றால் பார்க்கிறவர். ஆனால் நம் நாட்டில் ‘வொச்சர்’ என்றால் யார்? இரவில் டோர்ச் லைட்டுடன் கேட்டடியில் நிற்கும் காவல்காரர்தான். அதைச் சொன்னதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அடங்கியதும் முகம் வாடிப் போயிற்று. “அப்ப இத்தன வருஷம் நான் செஞ்ச வேலைக்கு இங்கிலீஷ்ல பேரில்லையா ராத்தா?” என்று கேட்டாள்.

பெயர் இருந்தது. மூன்றுக்கும் மூன்று பெயர் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க அவளிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். எந்த இடத்திலும் உதவுகின்ற கேள்விகள் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன். முதலாவது: பார்த்த பின் அதை எழுதி அல்லது சொல்லி வைக்கும் கடமை உங்களுக்கு இருந்ததா? இரண்டாவது: பிழை நடந்தால் அந்த இடத்திலேயே தடுக்கும் அதிகாரம் இருந்ததா? மூன்றாவது: சரி, பிழை என்று முடிவு சொல்வது நீங்களா, வேறொருவரா?

தொழிற்சாலையில் தைத்து முடிந்த சட்டைகளைப் பார்த்து, பிழையான இடத்தில் அடையாளம் ஒட்டித் திருப்பி அனுப்புவது அவளது வேலை. யாரோ ‘சுப்பர்வைசர்’ என்று போடச் சொல்லியிருக்கிறார்கள். சுப்பர்வைசர் என்றால் மேலிருந்து பார்க்கிறவர். அவருக்குக் கீழே ஆட்கள் இருக்க வேண்டும். “உங்களுக்குக் கீழ ஆக்கள் இருந்தாங்களா?” என்று கேட்டேன். “இல்ல ராத்தா, சட்டதான் இருந்திச்சி” என்றாள். ஆகவே தொழிற்சாலைக்காரர்களே வழங்கும் சொல்லான ‘குவாலிட்டி செக்கர்’ என்று எழுதினோம். தரம் பார்க்கிறவர். அதில் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. பெரிய சொல்லைப் போட்டால் நேர்முகப் பரீட்சையில் ஒரு கேள்வியிலேயே அவிழ்ந்துவிடும். சின்னச் சொல்லைப் போட்டால் நம் உழைப்பை நாமே குறைத்த மாதிரி.

பரீட்சை மண்டபத்துக்கு ‘இன்விஜிலேட்டர்’ என்ற சொல். நமது பரீட்சைப் பத்திரங்களில் தமிழில் ‘நோக்குநர்’ என்பார்கள். மண்டபத்துக்கே பொறுப்பானவர் மேற்பார்வையாளர். அவர்தான் அங்கே சுப்பர்வைசர். விடைத்தாளைத் திருத்தி புள்ளி போடுகிறவர் ‘எக்ஸாமினர்’. மண்டபத்தில் கால் வைக்காமலே அவர் தீர்ப்புச் சொல்லலாம். இன்விஜிலேட்டர் என்பதன் லத்தீன் வேர் விழித்திருத்தல். பிள்ளை எழுதுவது சரியா பிழையா என்பது அவர் பாடு அல்ல. கண்ணயராமல் இருப்பதுதான் அவர் கடமை. அமெரிக்காவில் இதே ஆளை ‘ப்ரொக்டர்’ என்பார்கள். வெளிநாட்டு இணையவழிப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் இன்று பழக்கமாகிவிட்டது.

தேர்தல் வேலைக்கு ‘ஒப்சேவர்’. இங்கேதான் நுட்பம் அதிகம். தமிழில் கண்காணிப்பாளர் என்று ஒரே சொல்லால் கடந்துவிடுகிறோம். ஆங்கிலத்திலோ ‘ஒப்சேவர்’ வேறு, ‘மொனிட்டர்’ வேறு என்று தேர்தல் துறையில் பிரித்துப் பேசுவார்கள். ஒப்சேவர் கண்டதைக் குறித்து அறிக்கை கொடுப்பார். கை வைக்க மாட்டார். மொனிட்டர் என்றால் விதி மீறப்படும் போது தலையிடவும் இடமுண்டு என்பது அந்தப் பிரிப்பு. ஆனால் சொல் ஒன்று, நடப்பு ஒன்றாகவும் இருக்கும். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை வந்த போது நோர்வே முதலிய ஐந்து நோர்டிக் நாடுகளிலிருந்து ஒரு குழு வந்தது. கிழக்கிலும் வடக்கிலும் உள்ளவர்களுக்கு அவர்களுடைய வாகனங்கள் நினைவிருக்கும். அவர்களுடைய பெயரில் இருந்த சொல் ‘மொனிட்டரிங்’. மீறல்களை விசாரித்து அறிவிக்க அவர்களால் முடிந்தது; தடுத்து நிறுத்தும் பலம் அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. 2008 ஜனவரியில் உடன்படிக்கை முடிந்ததும் அவர்களும் போய்விட்டார்கள். பெயரை மட்டும் பார்த்து அதிகாரத்தை அளக்கக் கூடாது என்பதற்கு இது நல்ல பாடம்.

மொனிட்டர் என்ற சொல்லின் வேர் எச்சரித்தல். நம் வகுப்பறை மொனிட்டரும் அந்த வழிதான். “டீச்சர் வாறா, சத்தம் போடாத” என்று எச்சரிப்பதுதானே அவரது முதல் வேலை! இந்தச் சொல்லுக்கும் தமிழ் மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு. மதராஸில் அநாதைப் பிள்ளைகளின் பாடசாலையொன்றை நடத்திய அன்ட்ரூ பெல் என்ற பாதிரியார், மூத்த பிள்ளைகளைக் கொண்டு இளைய பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் முறையைப் பற்றி 1797இல் லண்டனில் நூல் வெளியிட்டார். அதை மதராஸ் முறை என்றும் மொனிட்டர் முறை என்றும் அழைத்தார்கள். மூத்த மாணவனைச் சட்டாம்பிள்ளையாக வைப்பது நமது திண்ணைப் பள்ளிகளில் பழைய வழக்கம்தான்.

ஆங்கில அகராதிக்குள் போய் உட்கார்ந்த தமிழ்ச் சொல்லொன்றும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறது. அதுதான் ‘கங்காணி’. கண்ணால் காண்பவர் என்ற பொருளில் பிறந்த சொல். இலங்கையிலும் மலாயாவிலும் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்து வந்தவரும், அவர்களுக்கு முற்பணம் கொடுத்துக் கடனில் வைத்தவரும், வேலையில் நின்று பார்த்தவரும் இவரே. இதை ‘ஒப்சேவர்’ என்று மொழிபெயர்த்தால் எவ்வளவு பெரிய பிழை! பார்க்கிறவரின் கையிலேயே கடன் கொப்பியும் இருந்தால் அந்தப் பார்வையின் பாரம் வேறு.

விளையாட்டுக்கு வருவோம். கிரிக்கெட்டுக்கும் நம் பெண்பிள்ளைகள் ஆடும் வலைப்பந்துக்கும் ‘அம்பயர்’. உதைபந்துக்கும் கரப்பந்துக்கும் ‘ரெபரி’. பேச்சுப் போட்டிக்கு ‘ஜட்ஜ்’. தமிழில் எல்லாரும் நடுவர்தாம். அம்பயர் என்பது பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ‘ஜோடியில்லாதவர்’ என்று பொருள். இருவர் ஒத்துப்போகாத இடத்துக்கு வருகின்ற மூன்றாமவர். ரெபரி என்பவர், ஒரு விடயம் யாரிடம் ஒப்படைக்கப்படுகிறதோ அவர். நம் பெண்பிள்ளையின் விண்ணப்பத்தின் கடைசியில் ‘உறவினரல்லாத இரண்டு ரெபரிகளின் பெயர்’ என்று கேட்டிருந்தார்கள். “நான் பந்தடிக்கப் போகலையே ராத்தா” என்றாள். இங்கே ரெபரி என்றால் உங்களைப் பற்றி விசாரித்தால் உண்மையைச் சொல்லக் கூடியவர் என்று விளக்கினேன்.

கணக்குப் பார்க்கும் ‘ஓடிட்டர்’ என்ற சொல்லின் வேர் பார்ப்பதே அல்ல, கேட்பது. பழைய காலத்தில் கணக்கை வாசிக்கச் சொல்லிக் காதால் கேட்டே சரிபார்த்தார்கள். ‘அசெசர்’ என்றால் பக்கத்தில் அமர்கிறவர். நமது 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் ஆங்கிலப் பிரதியில், காதியோடு அமர்கின்ற மூவரை இந்தச் சொல்லால்தான் குறித்திருக்கிறார்கள். ஊரில் பலர் ‘ஜூரி’ என்று சொல்லிவிடுகிறோம். நீதிமன்றத்து ஜூரி வேறு. வழக்குக்குப் போகும் பெண், எதிரே இருப்பவர்கள் யார், எந்தப் பெயரில் இருக்கிறார்கள் என்று அறிந்து போவது நல்லது.

இன்னொரு வகையும் உண்டு. ‘ஸ்பெக்டேட்டர்’ என்பவர் விரும்பி வந்து பார்க்கிறவர், மைதானத்தில் இருப்பவர். ‘ஒன்லுக்கர்’ வழியில் நின்று வேடிக்கை பார்க்கிறவர். ‘பைஸ்டாண்டர்’ பக்கத்தில் நின்றும் சம்பந்தமில்லாதவர். இவர்கள் யாருக்கும் கடமை இல்லை. ஆனால் அதே ஆள் முன்வந்து “நான் கண்டேன்” என்று சொன்னால் ‘விட்னஸ்’, சாட்சி ஆகிவிடுகிறார். கண் ஒன்றேதான், வாய் திறந்ததும் பெயர் உயர்ந்துவிடுகிறது.

விதவையான அந்தப் பெண்பிள்ளை வேலை தேடிப் போவதையும் தெருவில் பார்த்தவர்கள் பலர். எத்தனை மணிக்குப் போனாள், யாருடைய ஓட்டோவில் வந்தாள் என்று கணக்கு வைத்தவர்களும் இருந்தார்கள். அவர்களை எந்தப் பெயரால் அழைப்பது? ஒப்சேவர் என்றால் பக்கச் சார்பு இருக்கக் கூடாது. ஜட்ஜ் என்றால் இரண்டு பக்கமும் விசாரிக்க வேண்டும். கேட்காமல், விசாரிக்காமல், உதவாமல் தீர்ப்பு மட்டும் சொல்கிறவர்களுக்கு இந்த மரியாதையான பெயர்களில் ஒன்றும் பொருந்தவில்லை.

நேர்முகப் பரீட்சைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். “வாக்குச் சாவடியில் பிழையொன்றைக் கண்டால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார்களாம். “குறித்துக் கொண்டு அறிவிப்பேன், நானாகத் தலையிட மாட்டேன்” என்றிருக்கிறாள். “பரீட்சை மண்டபத்தில்?” “அங்கே உடனே நிறுத்துவேன். பிறகு மேற்பார்வையாளரிடம் சொல்வேன்.” அவளை உதவிப் பொறுப்பாளராக எடுத்துக் கொண்டார்கள். ஆங்கிலத்தில் ‘அசிஸ்டன்ட் வோர்டன்’. அல்ஹம்துலில்லாஹ்.

வோர்டன் என்பதும் ‘கார்டியன்’ என்பதும் ஒரே வேரிலிருந்து பிறந்த இரட்டைச் சொற்கள். இரண்டுக்கும் காத்தல் என்றுதான் பொருள். பிள்ளைகளின் படிவங்களில் பெற்றார் அல்லது பாதுகாவலர் கையொப்பம் என்ற இடத்தில் நாம் எத்தனை முறை ஒப்பமிட்டிருப்போம்!

சகோதரிகளே, வீட்டில் நாமும் பார்க்கிறவர்கள்தாம். மகளின் போனையும் கொப்பியையும் தோண்டிப் பார்க்கும் போது நாம் ‘இன்ஸ்பெக்டர்’. பிள்ளைகள் இருவர் சண்டை பிடிக்கும் போது அம்பயர். “அங்க போனா இப்பிடி நடக்கும் மகள்” என்று முன்கூட்டிச் சொல்லும் போது மொனிட்டர். இவையெல்லாம் சில வேளைகளில் தேவைப்படலாம். ஆனால் இன்ஸ்பெக்டருக்குப் பிள்ளை ஒளிக்கப் பழகும். பாதுகாவலரிடம்தான் ஓடி வரும். அடுத்த முறை ஆங்கிலப் படிவமொன்று கைக்கு வந்தால் அந்த மூன்று கேள்விகளையும் கேட்டுச் சொல்லைத் தெரிவு செய்யுங்கள். பிள்ளையின் அறைக் கதவைத் திறக்கும் முன்னரும் அவற்றை ஒரு தடவை கேட்டுக் கொள்வது நல்லது.